வெடிக்கு அசையாத குதிரை

ஸ்ரீராம்புரத்தில் முனிரத்தினத்தைத் தெரியாதவர் கிடையாது. அவரோடு நின்று பேச ஆசைப்பட்டவரும் கிடையாது. ஆள் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடி இல்லை, அடுத்தவன் வம்பு இல்லை, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். குறை என்று பார்த்தால் வாய்தான். திறந்தால் மூடாது. பால் பூத் வாசலில் "இன்னாங்க, நல்லா கீறீங்களா" என்று அவர் ஆரம்பித்தால், வீடு போய்ச் சேர்வதற்குள் பால் தயிராகிவிடும் என்று தெருவில் கேலி செய்வார்கள். அவர் தலை தெரிந்ததும் ஒருத்திக்கு அடுப்பில் வைத்த குழம்பு ஞாபகம் வரும். இன்னொருத்திக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும். விசாரித்துப் பார்த்தால் அது தண்ணீர் விடுகிற நாளாகவே இருக்காது.

அவருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது தொழில். சிக்பேட்டை சேட்டு வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரை ஏறித்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து, கையில் நாலு காசு சேர்ந்த நம் ஆட்களுக்கும் அந்த ஆசை வந்திருந்தது. முனிரத்தினத்திடம் இருந்தது ஒரே குதிரை. ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அதைக் கட்டி வைத்திருந்தார். கோவிந்தப்பாவின் பேண்டு செட்டுக்கு எங்கே அழைப்பு வந்தாலும் குதிரையும் கூடவே போகும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அவர் மனைவி சந்திரம்மா மகள் சௌம்யாவின் பிரசவத்துக்கு என்று ஓசூருக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. முதலில் குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றார். அப்புறம் கவிழட்டும் என்றார். அதற்கப்புறம் தவழட்டும் என்றார். குழந்தை வளர வளரக் காரணமும் கூடவே வளர்ந்துகொண்டு போனது. சண்டை, சச்சரவு ஒன்றும் கிடையாது. போகும்போது அவருக்கு மாவு அரைத்து வைத்துவிட்டுத்தான் போனார். இரும்புப் பெட்டியில் இருந்த தன் புடவைகளில் ஒன்றுவிடாமல் எடுத்துப் போயிருக்கிறார் என்பதை முனிரத்தினம் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால் சௌம்யா எடுப்பாள். "அப்பா, மீட்டர் ஓடுதுப்பா. அப்புறமா பேசலாம்" என்பாள். மீட்டர் ஓடியது என்னவோ அவர் காசுக்கு.

அதே வருஷம் அவருடைய கிழட்டுப் பெண் குதிரையும் செத்துப்போயிற்று. வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்து, சாயங்காலத்தில் வாசலில் உட்கார்ந்து வாய் பார்க்கிறவர்கள்கூட உள்ளே போய்விட்டிருந்தார்கள். முனிரத்தினம் தனியாகச் சமைத்து, தட்டுக்கு எதிரே யாரும் இல்லாமல் சாப்பிட்டார். பேச்சு உள்ளேயே தேங்கித் தேங்கி நெஞ்சை அடைப்பதுபோல் இருந்தது அவருக்கு. இது பொய்யில்லை. டாக்டரிடம்கூடப் போனார். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார்.

ஆவணிக்குள் குதிரை வாங்கியாக வேண்டும் என்று கோவிந்தப்பா நச்சரித்தார். அல்சூர் ஏரிக்குப் பின்னால் நோயல் என்று ஒரு தரகர் இருந்தார். ரேஸில் கழித்துவிட்டது, சவாரிப் பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்றது, எங்கெங்கோ கைமாறியது என்று எல்லாக் குதிரையும் ஒருநாள் அவர் கொல்லைக்கு வந்து சேரும். முனிரத்தினமும் கோவிந்தப்பாவும் போனபோது அங்கே ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. மூக்கில் மட்டும் இளஞ்சிவப்பு. பிடரி மயிர் வெயிலில் பட்டு நூலாக மின்னியது. பார்த்ததுமே முனிரத்தினத்துக்கு மனசு போய்விட்டது.

பல்லைப் பிடித்துப் பார்த்தார். நாலு காலையும் தூக்கிக் குளம்பைத் தட்டிப் பார்த்தார். இடது காதில் ஒரு ஓட்டை இருந்தது. ஓரம் பிய்ந்து, ஆறித் தழும்பாகியிருந்தது.

"இது இன்னா நோயலு?"

"இன்சூரன்ஸ்காரன் நம்பர் தோடு மாட்டுவான்ல, அந்த ஓட்டை. பேங்க்ல லோன் போட்டு வாங்குன குதிரையா இருக்கும்."

"தோடு எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் மூணாவது கை. எனக்குக் குடுத்தவனுக்கே தெரியல."

கோவிந்தப்பா சிரித்தார். "தோட்டைக் கழட்டணும்னா குதிரை செத்திருக்கணும்யா. செத்தாத்தான் காதோட அறுத்துக் கொண்டுபோய்க் காட்டிப் பணம் வாங்குவாங்க. முனிரத்னம், நீ வாங்கப்போறது கணக்குல செத்த குதிரை."

மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்கு முந்தி அது யாரிடம் இருந்தது, அடிபட்டதா, காய்ச்சல் கண்டதா, எதற்காகக் கைமாறியது என்று யாரும் கேட்கவில்லை. ஊர்வலக் குதிரை வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: வெடிக்கு நிற்குமா? அதைப் பார்க்க ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். குதிரையின் கண்ணை ஒரு துண்டால் கட்டுவார்கள். பின்னால் ஒரு சரவெடியைக் கொளுத்திப் போடுவார்கள். மிரளாமல் நின்றால் கைமேல் கை வைத்து வியாபாரத்தை முடிப்பார்கள். இத்தனை வருஷத்தில் இந்தச் சோதனையில் தேறிய குதிரை ஏமாற்றியதே இல்லை.

கோவிந்தப்பா சரத்தைக் கொளுத்தினார். பக்கத்துத் தோப்பில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. நோயல் காதைப் பொத்திக்கொண்டார். குதிரை வாலை ஒருமுறை வீசி ஈயை ஓட்டியது. தோல்கூடத் துடிக்கவில்லை.

"சாமி மாதிரி நிக்குதுய்யா" என்றார் கோவிந்தப்பா.

எவ்வளவு பழகின குதிரையாக இருந்தாலும், நிற்கும், ஆனால் காதையாவது விடைக்கும். இது காதையும் அசைக்கவில்லை. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்து, அதையும் அதன் பெருமைக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

துரை என்று பேர் வைத்தார் முனிரத்தினம். கொட்டகைக்குக் கொண்டுவந்த அன்றே பேச ஆரம்பித்தவர்தான். காலையில் சாணியை வாரிக்கொண்டே பேசுவார், கொள்ளு ஊறப்போட்டுக்கொண்டே பேசுவார், முதுகைத் தேய்த்துக்கொண்டே பேசுவார். மழைக்குக் கொட்டகை ஒழுகுவது, கார்ப்பரேஷன்காரன் வந்து மிரட்டியது, தக்காளி விற்கிற விலை, சந்திரம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது கேசரியில் எறும்பு இருந்தது, எல்லாம். முன்பக்கம் வந்து அவர் நிற்கும்போது துரை தலையைத் தூக்கும். தூக்கிவிட்டு அவர் வாயையே பார்க்கும். வாய் அசைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

"என்னமா கேக்குது பாத்தியா" என்று கோவிந்தப்பாவிடம் பீற்றிக்கொண்டார். "மனுசங்க எவனாச்சும் இப்டி நின்னு கேப்பானா? கண்ணை எடுக்குதா பாரு."

"அதுக்கு வேற போக்கிடம் இல்லைய்யா. கட்டிப் போட்டிருக்க" என்றார் கோவிந்தப்பா.

சொல்லட்டும். முனிரத்தினத்துக்கு நெஞ்சடைப்பு நின்றுவிட்டது. வீட்டுக்குப் போவதே குறைந்துபோயிற்று. யாரிடமும் சொல்லாத ஒன்றைக்கூட ஒரு சாயங்காலம் துரையிடம் சொல்லிவிட்டார். போன மார்கழியில் சொல்லாமல் கொள்ளாமல் ஓசூருக்குப் போயிருந்தார். கையில் பேரனுக்கு ஒரு பொம்மை. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சௌம்யா, "பொங்கலுக்கு அப்பா வந்துடுவாரோ?" என்று கேட்டாள். சந்திரம்மா ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். முனிரத்தினம் பொம்மையைக் கேட்டின்மேல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். சொல்லி முடித்ததும், "நீ யாருகிட்டயும் சொல்லிடாத" என்று துரையின் கழுத்தைத் தடவினார்.

இத்தனை மாதம் குதிரையோடு இருந்தவருக்கு ஒன்று மட்டும் தட்டுப்படவே இல்லை. ஏனென்றால் அவர் ஒருநாளும் அதைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்புகிறதா என்று பார்த்தவரில்லை. கூப்பிடும்போதே அடுத்த பேச்சு வாயில் வந்துவிடும். பேசத் தெரிந்த மனுஷன், காத்திருக்கத் தெரியாத மனுஷன்.

தெரியவந்தது மாகடி ரோட்டில், ஒரு கல்யாண ஊர்வலத்தில். மாப்பிள்ளை தலைப்பாகையும் கத்தியுமாகத் துரைமேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் பேண்டு, பக்கத்தில் குடை பிடிக்கிறவர், கடிவாளத்தைப் பிடித்து முனிரத்தினம். பின்னால் ஒரு தண்ணீர் லாரி பிரேக் பிடிக்காமல் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. ஊர்வலமே அலறி ரெண்டாகப் பிரிந்தது. தெருநாய்கூட ஓடிவிட்டது. துரை மட்டும் நடு ரோட்டில், பண்ணையார் மாதிரி நடந்துகொண்டிருந்தது. முனிரத்தினம் இழுத்தார். எதற்கு இழுக்கிறார் என்று அதற்கு விளங்கவில்லை. லாரியின் மூக்கு அதன் பின்பக்கத்தைத் தொட்டபோதுதான் துள்ளியது. அந்தத் துள்ளலில் மாப்பிள்ளை குடைக்காரர் மேல் விழுந்தார், தலைப்பாகை சாக்கடையில் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை, கடவுள் புண்ணியம். ஆனால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒற்றுமையாகச் சேர்ந்து ஒரு ஆளைத் திட்டினார்கள்.

மறுநாள் காலை கோவிந்தப்பா டிரம்பெட்டோடு கொட்டகைக்கு வந்தார். துரை வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால், நிழல் விழாத பக்கமாகப் போய் நின்று, கன்னம் உப்ப முழு மூச்சையும் கொடுத்து ஊதினார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் திறந்தது. முனிரத்தினத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. துரை அடுத்த வாய் வைக்கோலை இழுத்தது.

கோவிந்தப்பா இன்னொரு தடவை ஊதினார். பிறகு டிரம்பெட்டைக் கீழே வைத்தார்.

"சுத்தமா கேக்காதுய்யா இதுக்கு" என்றார். "வாங்குறப்பவே கேக்காது. வெடிக்கு நின்னுச்சுன்னு நாமதான் கூத்தாடினோம்."

முனிரத்தினம் கொள்ளு வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார். லாரியும் தலைப்பாகையும் அவர் ஞாபகத்திலேயே இல்லை. கேசரி எறும்பு ஞாபகம் வந்தது. ஓசூர் ஜன்னல் ஞாபகம் வந்தது. யாருகிட்டயும் சொல்லிடாத என்று அதன் கழுத்தைத் தடவினது ஞாபகம் வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகை வந்தது. கோவிந்தப்பா இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

"வித்துரு" என்றார் கோவிந்தப்பா. "நமக்கு வித்த மாதிரியே வித்துரு. சரத்தைக் கொளுத்து, நிக்கும். ரோட்டுல இதை வெச்சிக்கினு தொழில் பண்ண முடியாது, முனிரத்னம்."

முனிரத்தினம் தலையாட்டினார்.

அன்றைக்கு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. நல்லவேளை, சந்திரம்மாவே எடுத்தார்.

"சந்திரா, குதிரைக்குக் காது கேக்காதாம்."

"எந்தக் குதிரைக்கு? புதுசா வாங்குனதுக்கா?"

"ம்."

"அதுகிட்டதான் இவ்ளோ நாளா பேசிக்கினு இருந்தீங்களா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? உங்கள எனக்குத் தெரியாதா?" சந்திரம்மா சிரித்தார். குத்தலாகச் சிரிக்கவில்லை. அப்புறம் சொன்னார்: "நானும் அந்தக் குதிரை மாதிரிதாங்க இருந்தேன், கல்யாணம் ஆனதுலேந்து. எனக்குக் காது கேட்டுச்சு. அவ்ளோதான் வித்தியாசம்."

மீட்டரின் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டே இருந்தன.

"லைன்ல கீறீங்களா?"

"கீறேன்."

"சாப்ட்டீங்களா?"

"ம்" என்றுவிட்டு வைத்தார். சாப்பிட்டிருக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் போலத் துரையோடு பேச்சு இல்லை. தீனி வைத்தார், சாணி வாரினார், போனார். தன்னை ஏமாற்றிவிட்டது என்று அதன்மேல் கோபம். ஒரு வாயில்லா ஜீவன்மேல் கோபித்துக்கொள்கிறோமே என்று தன்மேல் அதைவிடக் கோபம். துரை வழக்கம்போல அவர் முன்னால் வரும்போதெல்லாம் தலையைத் தூக்கி அவர் வாயைப் பார்த்தது. வாய் அசையவில்லை. பார்த்துக்கொண்டே நின்றது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தப்பா ஒரு ஆளைக் கூட்டிவந்தார். ஸ்ரீகண்டன் என்று பேர், சினிமா ஷூட்டிங்குக்குக் குதிரை சப்ளை செய்கிறவர். கண்ணியமான மனுஷர், வந்ததும் துரையின் முன்பக்கமாக நடந்துபோய்க் கையைக் காட்டி, அப்புறம்தான் தொட்டார். பையில் சரவெடி கொண்டுவந்திருந்தார். துரையின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். வெடித்தது. தகரம் அதிர்ந்தது. துரை வாலை வீசியது.

"புடிச்சிருக்கு" என்றார் ஸ்ரீகண்டன். கையை நீட்டினார்.

முனிரத்தினம் அந்தக் கையைப் பார்த்தார். கைமேல் கை வைத்தால் முடிந்தது. துண்டு கட்டிய கண்ணோடு துரை நின்றிருந்தது. காதும் இல்லாமல் கண்ணும் இல்லாமல் அது எந்த உலகத்தில் நிற்கிறதோ என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்த் துண்டை அவிழ்த்தார். அது கண்ணைச் சிமிட்டி அவரைத் தேடியது. அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது, விற்க முடியாது. வியாபாரத்தைக் கெடுக்க ஒரு வழிதான் தோன்றியது, உண்மையைச் சொல்வது.

"சார், உங்கள ஏமாத்தக் கூடாது. அதுக்குக் காது கேக்காது."

ஸ்ரீகண்டன் சிரித்தார். "அது தெரிஞ்சுதானே வந்தேன். ஷூட்டிங்குக்குன்னு சொன்னதும் கோவிந்தப்பாவே சொல்லிட்டாரு. ஷூட்டிங்ல துப்பாக்கி, பட்டாசு, ஃபேன் சத்தம், எல்லாம் இருக்கும். இந்த மாதிரிக் குதிரை தேடினாலும் கிடைக்காது. நல்லா வெச்சுக்குவேன், கவலப்படாதீங்க."

முனிரத்தினம் பேச ஆரம்பித்தார். கடிக்கும் என்றார். உதைக்கும் என்றார், அவரையே ரெண்டு தடவை உதைத்திருக்கிறது என்றார். மழைக்காலத்தில் இருமும் என்றார். காது ஓட்டையைக் காட்டி, இது கணக்குல செத்த குதிரை, நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் வந்து உங்க கழுத்தைப் பிடிப்பான் என்றார். அதற்கு முந்தி எங்கே இருந்தது, எத்தனை பேரைத் தள்ளியது, ஒன்றும் தெரியாது, எதற்குச் சும்மா வம்பு என்றார். வழக்கமாக இந்த வாய்க்கு ஊரே ஓடும். ஸ்ரீகண்டன் ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் முனிரத்தினத்துக்கு வாய்த்த ஒரே நல்ல கேட்பவர், வேண்டாத நேரத்தில் வந்து வாய்த்தார்.

"எல்லாம் சரி" என்றார் ஸ்ரீகண்டன். "நான் பாத்துக்குறேன். குடுங்க."

முனிரத்தினத்துக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. கோவிந்தப்பா, அப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பார்க்காதவராக அவர் முகத்தையே பார்த்தார். ரயில் ஒன்று போனது.

"குடுக்கறதா இல்லீங்க" என்றார் முனிரத்தினம்.

"ஏன்? எதுனா குறையா பேசிட்டனா?"

"இல்லீங்க." அவிழ்த்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார். "எனக்குன்னு வேற யாரும் இல்லீங்க."

ஸ்ரீகண்டன் துரையின் நெற்றியைத் தடவிவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். கோவிந்தப்பா வாசல்வரை போய் நின்றார்.

"பின்னால ஒரு ஆளை நடக்க வெச்சுக்கலாம்" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டே. "லாரி கீரி வந்தா சொல்றதுக்கு. டிரம் அடிக்கிறவன் ஒருத்தன் சும்மாத்தான் கீறான். நீ முன்னால, அது கண்ணுக்குத் தெரியற மாதிரி நட." சொல்லிவிட்டு அவரும் போனார்.

முனிரத்தினம் கொள்ளு வாளியைத் தூக்கினார். பழக்க தோஷம், பின்பக்கமிருந்தே, "அந்தாளு நல்ல மனுசன்தான், இருந்தாலும்" என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார். வைக்கோலைத் தாண்டி, சுவரை ஒட்டி நடந்து முன்பக்கம் வந்தார். துரை தலையைத் தூக்கியது. வாயில் வைக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வாயைப் பார்த்தது.

இத்தனை வருஷமாகச் சந்திரம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறார். டாக்டர் மேசை மணியைப் பார்த்தார். தெருவில் இருந்தவர்கள் தப்பிக்க வழி பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரும் பேசும்போது யார் முகத்தையும் பார்த்ததில்லை.

வாளியைக் கீழே வைத்தார். துரை இன்னும் மென்றுகொண்டிருந்தது. அது மென்று முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அப்புறம்தான் பேச ஆரம்பித்தார்.